21 ஜம்ப் ஸ்ட்ரீட்: மறுபடி பார்க்கிறவர்களுக்கான இழை

#1 தெருவிளக்கு

2012-ல் வந்த நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டு மூலத் தொடரைத் தேடி வருகிறவர்கள் முதல் எபிசோடிலேயே திகைத்துப் போகிறார்கள். இது சிரிக்க வைக்க எடுத்த தொடர் இல்லை. போதை, எய்ட்ஸ், தற்கொலை, இனவெறி, வன்புணர்வு என்று அன்றைய அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பெரியவர்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கிய அத்தனையையும் வாரம் ஒன்றாக எடுத்துப் பேசிய குற்றத் தொடர்.

தெரியாதவர்களுக்கு அடிப்படை விவரம். பேட்ரிக் ஹாஸ்பர்க், ஸ்டீபன் ஜே. கேனல் இருவரும் உருவாக்கியது. 1987 ஏப்ரல் 12 முதல் 1991 ஏப்ரல் 27 வரை, ஐந்து சீசன், 103 எபிசோட். ஃபாக்ஸ் சேனல் முன்னிரவு (பிரைம் டைம்) ஒளிபரப்பைத் தொடங்கியதே அதற்கு முந்தைய ஞாயிறு, ஏப்ரல் 5-ல்தான். பால்வடியும் முகம் இருப்பதால் ரோந்து வேலையில் யாரும் மதிக்காத டாம் ஹான்சனை (ஜானி டெப்) ஒரு தனிப்பிரிவுக்கு மாற்றுகிறார்கள். மாணவர்களைப் போல வேடமிட்டுப் பள்ளிகளுக்குள் போகும் இளம் போலீஸ்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்: ஜூடி ஹாஃப்ஸ் (ஹாலி ராபின்சன்), டக் பென்ஹால் (பீட்டர் டிலூயிஸ்), ஹாரி ஐயோக்கி (டஸ்டின் நூயென்). அலுவலகம் ஒரு கைவிடப்பட்ட சிறு தேவாலயம். முதலில் வைத்த பெயர் 'ஜம்ப் ஸ்ட்ரீட் சேப்பல்'. மத நிகழ்ச்சி என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களோ என்று மாற்றினார்கள்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் என் பதில் இது. எந்தக் கேஸாக இருந்தாலும் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: நண்பன் என்று நம்பிய பையனுக்கு எதிரே நிற்பவன் போலீஸ் என்று தெரிகிற நொடி. அந்த நொடியை எந்த எபிசோட் நின்று நிதானமாகக் காட்டுகிறதோ அது நல்ல எபிசோட். கார் துரத்தலில் போய்ப் புகுந்துகொள்வதெல்லாம் சுமார் ரகம்.

வரிசை: பைலட்டின் (தொடக்க எபிசோடின்) இரண்டு பாகத்தையும் பாருங்கள். அடுத்து 'காட்டா ஃபினிஷ் தி ரிஃப்'. பிரிவின் தலைவர் கேப்டன் ஜென்கோ (ஃபிரெடரிக் ஃபாரஸ்ட்) குடிபோதை டிரைவரின் காரில் அடிபட்டுச் செத்த பிறகு ஆடம் ஃபுல்லர் (ஸ்டீவன் வில்லியம்ஸ்) பொறுப்பேற்கும் எபிசோட் அது. தொடருக்கு முதுகெலும்பு வந்தது அங்கேதான். இரண்டாம் சீசனை ஒன்று விடாமல் பாருங்கள். அதில் 'ஆர்ஃபியஸ் 3.3'-ஐ மட்டும் தனியாக, இடைவெளி விடாமல்.

#2 கருப்புக்கோட்டு

தெருவிளக்கு சொன்ன அந்த 'நொடி'தான் சட்டத்திலும் இந்தத் தொடரின் பலவீனமான இடம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பிரிவு கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1974-ல் 'ஸ்கூல் பை' என்ற திட்டத்தைத் தொடங்கி சுமார் முப்பது ஆண்டு நடத்தியது. இளமையாகத் தெரியும் புது அதிகாரிகளை மாணவராகச் சேர்த்துப் போதைப்பொருள் வாங்க வைப்பது. தொடரில் வாரம் ஒரு கேஸ், வாரம் ஒரு கைது. நிஜத்தில் அப்படி நடக்க வழியே இல்லை. முறை இதுதான்:

பருவத் தொடக்கத்தில் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த மாணவர் என்று சேர்ப்பார்கள். பழைய மதிப்பெண் சான்று, வீட்டு முகவரி எல்லாம் பொய்யாகத் தயாராக இருக்கும். பள்ளி நிர்வாகத்தில் ஓரிருவருக்கு மேல் தெரியக் கூடாது. வாங்கப் போகும் முன் பணத்தின் வரிசை எண்களைப் பதிவு செய்ய வேண்டும். வாங்கியதும் நேரே மேலதிகாரியைச் சந்தித்துப் பொருளை ஒப்படைத்து, எடை போட்டு, உறையில் இட்டு, ஒட்டிய டேப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து, தேதி, நேரம். ரசாயனச் சொட்டுப் பரிசோதனையில் கொக்கெய்னுக்கு நீலம், கஞ்சாவுக்கு ஊதா வரும். ஆனால் வேறு சில பொருள்களுக்கும் அதே நிறம் வரக்கூடும் என்பதால் ஆய்வக அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்காது. இந்தச் சங்கிலியில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே வழக்கை உடைத்துவிடுவார்.

முதல் கைது நடந்த நிமிடமே அந்த அதிகாரியின் வேடம் கலைந்துவிடும், பிறகு அவரே சாட்சிக்கூண்டில் ஏறியாக வேண்டும். அதனால்தான் பருவம் முடியும்வரை பொறுத்து, எல்லாக் கைதையும் ஒரே நாளில் செய்கிறார்கள். ஹான்சனும் பென்ஹாலும் 'மெக்குவெய்ட் சகோதரர்கள்' என்ற ஒரே வேடத்தை மறுபடி மறுபடி எடுப்பது திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் இரண்டாவது பள்ளிக்குள் கால் வைக்கும்போதே யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியிலும் விருந்திலும் சந்தித்துக்கொண்டேதானே இருப்பார்கள்?

#3 பாதிக்கதை

சட்டத்தில் பலவீனம் என்று சொல்லிவிட்டு நடைமுறையைத்தானே விளக்கினீர்கள் சார்? மாணவன் விற்றான், போலீஸ் வாங்கியது. இதில் சிக்கல் எங்கே?

#4 கருப்புக்கோட்டு

சிக்கல் 'விற்றான்' என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கிறது. அவன் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவனா, அல்லது இவர் கேட்டதால் விற்றவனா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932-ல் சொரெல்ஸ் வழக்கில், 'போலீஸே தூண்டிவிட்டுத்தான் குற்றம் செய்தேன்' என்ற தற்காப்பை ஏற்றது. 1958-ல் ஷெர்மன் வழக்கு. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறப் போன இடத்தில் ஷெர்மனுக்கு ஒருவர் பழக்கமாகிறார். தனக்குச் சிகிச்சை பலிக்கவில்லை, எங்காவது வாங்கிக் கொடு என்று கெஞ்சுகிறார். ஷெர்மன் தட்டிக் கழிக்கிறார், அவர் விடுவதாக இல்லை. பல முறை கேட்ட பிறகு வாங்கிக் கொடுத்தார், பிடிபட்டார். பழக்கமானவர் அரசின் உளவாள். தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது.

மத்தியச் சட்டத்தில் முக்கியமாகப் பார்ப்பது குற்றம் செய்யும் மனப்பாங்கு அந்த ஆளுக்கு முன்பே இருந்ததா என்பதை. கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. 1979-ல் பராசா வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஆளை விட்டுவிட்டுப் போலீஸின் நடத்தையைப் பார்க்கச் சொன்னது: சாதாரணமாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் ஒருவரையே குற்றம் செய்ய வைத்துவிடக்கூடிய அழுத்தமா அது? அப்படிப்பட்ட அழுத்தத்துக்கு அந்தத் தீர்ப்பு தரும் உதாரணங்களில் ஒன்று நட்பையும் இரக்கத்தையும் காட்டிக் கேட்பது.

இப்போது தொடருக்கு வாருங்கள். ஹான்சனின் கருவியே நட்புதான். வகுப்பில் தனியாக உட்காரும் பையன் பக்கத்தில் போய் உட்காருவது, மதிய உணவு நேரத்தில் பேச்சுக் கொடுப்பது, வீட்டுப் பிரச்சினையைக் காது கொடுத்துக் கேட்பது. தேர்ந்த வியாபாரி புதிதாக வந்தவனை நம்ப மாட்டான். நம்புகிறவன் யார்? நண்பனே இல்லாதவன். அதனால் வலையில் பெரும்பாலும் விழுவது சின்ன மீன். சிறப்புக் கல்விப் பிரிவு மாணவர்கள் இந்தத் திட்டங்களில் மாட்டிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல காலமாக உண்டு. 2012 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டெமக்யூலாவில் இதே முறையில் 22 மாணவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஆட்டிசம் உள்ள மாணவர். பள்ளியை விட்டு நீக்கப் பார்த்தார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மறு ஆண்டு நிர்வாக நீதிபதி உத்தரவிட்டார்.

தொடர் இந்தக் கேள்வியைச் சட்டமாக எழுப்பியது குறைவு. மனசாட்சியாக எழுப்பிய எபிசோட்கள் நிறைய. அதற்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

#5 நாலுக்குமூணு

கதையை நீங்கள் பேசுங்கள். எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் இந்தத் தொடருக்குப் பிரதி மாறினால் அனுபவமே மாறும்.

முதல் பிரச்சினை பாட்டு. ஒளிபரப்பானபோது காரிலும் விருந்திலும் அந்தக் காலத்து நிஜப் பாடல்கள் ஓடின. ஒரு பாட்டைப் படத்தோடு சேர்க்க இரண்டு உரிமை வேண்டும்: மெட்டுக்கும் வரிக்கும் உரியவரிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தமான கம்பெனியிடம் ஒன்று. எண்பதுகளில் தொலைக்காட்சிக்காரர்கள் வாங்கியது பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டும். 2004 முதல் ஆங்கர் பே நிறுவனம் டிவிடி போட்டபோது எல்லாவற்றுக்கும் புதிதாகப் பணம் கட்ட வேண்டிய நிலை. பல பாடல்களை எடுத்துவிட்டு முகவரி இல்லாத இசையை வைத்தார்கள். 2010-ல் மில் கிரீக் முழுத் தொடரையும் ஒரே பெட்டியாக விட்டபோதும் இந்தக் குறை தீரவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். நடன விருந்துக் காட்சியில் பின்னால் ஆடுகிறவர்களின் காலைப் பாருங்கள். தாளத்தோடு சேரவில்லை என்றால் பாட்டை மாற்றிவிட்டார்கள். பொதுவாக இந்த வேலையில் வசனம் தனி டிராக்காகக் கைவசம் இருந்தால் இசையை மட்டும் மாற்ற முடியும். இரண்டும் ஒன்றாகக் கலந்த பிரதிதான் மிஞ்சியது என்றால் வசனத்தை மறுபடி சேர்க்க வேண்டும், அல்லது காட்சியையே வெட்ட வேண்டும். நல்ல வேளை, ஹாலி ராபின்சன் பாடிய தலைப்புப் பாட்டு தப்பித்தது. அது தொடருக்கென்றே லியாம் ஸ்டெர்ன்பர்க் எழுதியது.

இரண்டாவது, படச் சட்டம். எடுத்தது 4:3 டிவிக்கு. உங்கள் அகலத் திரையை ஓரம்வரை நிரப்பிக்கொண்டு, முகங்கள் சப்பையாக இல்லாமலும் தெரிந்தால், மேலும் கீழுமாகச் சேர்த்து நாலில் ஒரு பங்கு படத்தை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். வகுப்பறைக் காட்சியில் உச்சந்தலை காணாமல் போகும், மேஜைக்கடியில் கை மாறும் பொட்டலமும் காணாமல் போகும். துப்பே போய்விடும்! இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதிதான் சரியான பிரதி.

மூன்றாவது, ஐரோப்பிய டிஸ்க். விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓட வேண்டியதை 25-ஆக ஓட்டுவார்கள். 48 நிமிட எபிசோட் 46-ல் முடியும், குரலும் லேசாக ஏறிவிடும். அமெரிக்க டிஸ்க்கைக் கணினியில் பார்க்கும்போது ஓடுகிறவர்களின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடு வந்தால், விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸை (அந்தக் கோடுகளை நீக்கும் வசதியை) ஆன் செய்து ஐவிடிசி முறையைத் தேர்ந்தெடுங்கள். அது பழைய 24 சட்டத்தை மீட்டுத் தரும். வெறும் 'பிளெண்ட்' வைத்தால் இரண்டு சட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கிப் பேய் மாதிரித் தெரியும்.

#6 ஈரத்தெரு

நாலுக்குமூணு சொன்னதோடு வெளிச்சத்தையும் கவனியுங்கள். கதை நடக்கும் ஊர் பெயர் இல்லாத அமெரிக்க நகரம். எடுத்தது முழுக்கக் கனடாவின் வான்கூவரில். காரணம் கணக்குதான்: 1987-ல் ஒரு கனடா டாலர் சுமார் 75 அமெரிக்க சென்ட். அதே செலவில் கூடுதல் நாள் எடுக்கலாம். கேனல் அதோடு நிற்காமல் 1989-ல் வடக்கு வான்கூவரில் ஸ்டுடியோவே கட்டினார்.

மழைக்கால மேகத்தால் பகல் முழுக்க நிழல் விழாத சாம்பல் வெளிச்சம். கலிஃபோர்னியா வெயிலில் எடுத்த போலீஸ் தொடர்களுக்கு வராத ஒரு சோகம் இதில் தானாகவே வந்துவிட்டது. தார்ச்சாலை எப்போதும் நனைந்தே இருக்கும். பள்ளி வாசலில் நிற்கும் காட்சிகளில் பேசுகிறவர்களின் வாயிலிருந்து ஆவி வருவதைப் பார்க்கலாம்.

இங்கே பழகிய கைகள்தான் பிறகு 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' எடுத்தன. கிளென் மார்கன், ஜேம்ஸ் வாங் இருவரும் ஜம்ப் ஸ்ட்ரீட்டில் எழுதியவர்கள். கிம் மேனர்ஸ் இதில் இயக்கியவர். ஃபுல்லராக வந்த ஸ்டீவன் வில்லியம்ஸ்தான் அங்கே 'எக்ஸ்' என்ற பாத்திரம். பீட்டர் டிலூயிஸ் அதே ஊரில் 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' இயக்கப் போனார்.

#7 பாதிக்கதை

எனக்கு இன்னமும் ஒரு மனக்குறை இருக்கிறது. வாரம் ஒரு சமூகப் பிரச்சினை, முடிவில் நடிகர்களே வந்து உதவி எண் சொல்லும் அறிவிப்பு. இது போதனை இல்லையா? இதைவிட 1968-ல் ஏபிசி சேனலில் வந்த 'தி மாட் ஸ்குவாட்' துணிச்சலானது. மூன்று இளைஞர்கள், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் பெண். துப்பாக்கி தூக்க மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. முன்னாள் போலீஸ்காரர் ஒருவரின் அனுபவத்திலிருந்து பிறந்த கருவை ஏரன் ஸ்பெல்லிங் தயாரித்தார். தெருவில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடத்தில் அதைச் செய்தார்கள்.

#8 தெருவிளக்கு

மாட் ஸ்குவாட் முன்னோடி என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதில் அந்த மூவரும் தங்கள் வயதுக்காரர்களோடுதான் பழகினார்கள். இங்கே இருபது கடந்தவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறார்கள். பாரம் வேறு.

போதனை என்று சொல்லும் முன் 1988-ல் வந்த 'எ பிக் டிசீஸ் வித் எ லிட்டில் நேம்' பாருங்கள். ரத்தம் உறையாமை நோய் உள்ள பையன், ஏற்றிய ரத்தத்தால் எய்ட்ஸ். ஊரே அவனைப் பள்ளியை விட்டு விரட்டப் பார்க்கிறது, ஹான்சனுக்கு அவனைக் காக்கும் வேலை. இது காற்றிலிருந்து பிடித்த கதை இல்லை. இந்தியானாவில் ரயன் ஒயிட் என்ற சிறுவனை இதே காரணத்துக்காக 1985-ல் பள்ளிக்குள் விட மறுத்தார்கள், நாடே அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், பதின்ம வயதினர் விரும்பிப் பார்க்கும் ஒரு தொடரில், அவர்களுக்குப் பிடித்த நடிகர் அந்தப் பையனின் பக்கத்தில் நிற்கிறார். முடிவில் சொன்ன உதவி எண்ணையும் நான் குறையாக நினைக்கவில்லை. இணையம் இல்லாத வருடத்தில், பெற்றோரிடம் கேட்க முடியாத பிள்ளைக்கு அந்த எண் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

'ஆர்ஃபியஸ் 3.3'-ல் போதனை என்று ஒரு வரி கிடையாது. கடைக்குள் திருடன், துப்பாக்கி, ஹான்சனின் காதலி சுடப்பட்டுச் சாகிறாள். கடைக் கேமராவின் டேப்பை அவன் வீட்டில் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறான். துப்பாக்கி வெளியே வந்ததிலிருந்து குண்டு வெடித்தது வரை 3.3 விநாடி. அதற்குள் தன்னால் எதையாவது செய்திருக்க முடியுமா? டேப்பை நிறுத்துகிறான், பின்னால் ஓட்டுகிறான், மறுபடி எண்ணுகிறான். துப்புத் துலக்கும் தொடரில் துப்பறிவாளன் தன்னையே விசாரிக்கிறான். டெப்பின் அடக்கமான நடிப்புக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இத்தனைக்கும் பைலட்டில் ஹான்சனாக முதலில் நடித்தவர் ஜெஃப் யாகர். அவரை மாற்றிவிட்டுத்தான் டெப்பைப் போட்டார்கள்.

#9 ஈரத்தெரு

ஐயோக்கியைப் பற்றி யாருமே பேசவில்லையே. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆசிய முகம் கொண்ட ஒரு நாயகன் கராத்தே வித்தைக்கு அப்பால் ஒரு முழு வாழ்க்கையோடு வந்தது அபூர்வம். 1987 டிசம்பரில் வந்த 'கிறிஸ்மஸ் இன் சைகோன்' எபிசோடில் தெரிகிறது, ஐயோக்கி என்பது அவன் பெயரே இல்லை. அவன் ஜப்பானிய வம்சாவளியும் இல்லை. வின் வான் ட்ரான் என்ற வியட்நாம் பையன், போரிலிருந்து தப்பி வந்தவன். டஸ்டின் நூயெனே சைகோனில் பிறந்து 1975-ல் குடும்பத்தோடு வெளியேறியவர். பள்ளியில் பொய்ப் பெயரில் வேலை பார்க்கும் போலீஸ்காரன், அலுவலகத்திலும் வேறொரு பெயரில் இருந்திருக்கிறான். அந்த விஷயம் வெளியாகும்போது ஃபுல்லர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு உபரித் தகவல்: நூயென் பிறகு வியட்நாம் போய் 2007-ல் நடித்த சண்டைப் படத்தில் அவரோடு மோதுகிற ஜானி ட்ரி நூயென்தான் நம் '7ஆம் அறிவு' படத்து டோங் லீ.

#10 நாலுக்குமூணு

அருமையான தகவல், ஈரத்தெரு. ஒரு சந்தேகம். ஐந்தாம் சீசனைப் பார்க்கலாமா, நான்கோடு நிறுத்தலாமா?

#11 தெருவிளக்கு

நான்கோடு நிறுத்தலாம் என்பது என் தீர்ப்பு. டெப், நூயென் இருவரும் அதோடு போய்விட்டார்கள். ஃபாக்ஸும் கைவிட்டது, ஐந்தாவது ஊர் ஊராக நிலையங்களுக்கு நேரடியாக விற்ற சீசன். மைக்கேல் பெண்டெட்டியும், பென்ஹாலின் தம்பியாக பீட்டரின் நிஜத் தம்பி மைக்கேல் டிலூயிஸும் வருகிறார்கள். உழைப்பில் குறை இல்லை, ஆனால் ஹான்சனின் தயக்கம் இல்லாத இடத்தில் கதை வெறும் கேஸாகிவிடுகிறது.

#12 கருப்புக்கோட்டு

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹாஃப்ஸுக்காகவும் ஃபுல்லருக்காகவும் ஐந்தையும் பார்க்க வேண்டும். டெப்பின் நிழலில் ஹாலி ராபின்சனை யாரும் சரியாகக் கவனிப்பதே இல்லை. நான்காம் சீசனில் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' எபிசோடில் ஹாஃப்ஸ் தெரிந்தவன் ஒருவனாலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். போலீஸ்காரி, சட்டம் தெரிந்தவள், அவளுக்கே புகார் கொடுப்பது எவ்வளவு கடினம் என்று காட்டுகிறார்கள். அதே சீசனின் '2245' மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவனின் கதை, அதில் ரோஸி பெரஸும் நடித்திருக்கிறார். இரண்டையும் ஒரே இரவில் பார்க்காதீர்கள், தாங்காது.

#13 பாதிக்கதை

சரி, பார்க்கிறேன். போதனை என்று நான் சொன்னதை ரயன் ஒயிட் காலத்தை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரித்தான் தெரிகிறது. மாட் ஸ்குவாட்தான் துணிச்சல் என்பதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஒன்று கேட்க வேண்டும்: மூன்றாம் சீசன் பாதியில் அறுந்த மாதிரி முடிகிறது, அடுத்த டிஸ்க்கில் புக்கர் என்று ஒருவர் வருகிறார், நான்காம் சீசன் நடுவிலும் ஒரு கதை பாதியிலிருந்து தொடங்குகிறது. டிஸ்க்கில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

#14 தெருவிளக்கு

டிஸ்க்கில் குறை இல்லை. மூன்றாம் சீசன் கடைசி எபிசோட் 'லோக்ட் அவுட்'. ஐயோக்கி சுடப்படுகிறான், ஹான்சன் செய்யாத கொலைக்கு மாட்டிக்கொள்கிறான். அதன் தொடர்ச்சி நான்காம் சீசனின் முதல் எபிசோட் 'ட்ரா தி லைன்'. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ரிச்சர்ட் கிரீகோவின் டென்னிஸ் புக்கர் மூன்றாம் சீசனில் வந்து சேர்ந்தவர், 1989-ல் அவருக்கென்றே 'புக்கர்' என்று தனித் தொடர் தொடங்கினார்கள், ஒரே சீசன்தான் ஓடியது. நீங்கள் சொல்லும் பாதிக்கதை 'வீல்ஸ் அண்ட் டீல்ஸ்: பாகம் 2'. அதன் முதல் பாகம் ஜம்ப் ஸ்ட்ரீட் பெட்டியில் இருக்காது, அது புக்கர் தொடரின் எபிசோட். 'டீல்ஸ் அண்ட் வீல்ஸ்' என்று தலைப்பைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், தேடும்போது அந்தப் பெயரில் தேடுங்கள்.